ஒன்றரைக் கிலோ ஆம்ப்ளிஃபையர்

மாலை ஐந்து மணி பத்து நிமிடம். செக்யூரிட்டி அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது என் ஆம்ப்ளிஃபையர். மேசையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, அதன் நடுவில் வைத்திருந்தார்கள். வலப்பக்கம் ஒரு டிபன் பாக்ஸ், அதன் மூடி, ஒரு ஸ்பூன், தண்ணீர் பாட்டில். இடப்பக்கம் ஒரு துணிப்பை, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போடப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் அமுதாவைப் பார்த்தேன். சுவரோரமாக நின்றிருந்தார். பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது.

ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனி. பெயர் வேண்டாம். அன்று அங்கே பெண்கள் தின விழா. 'நம் கம்பெனியின் குயில்' என்று மைக்கில் அறிவித்து அமுதாவை மேடையேற்றி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த செக்யூரிட்டி அதிகாரி ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசை, சட்டைக் கஞ்சி, பேனா மூன்றும் நேராக நின்றன. பேனா சிவப்பு.

"இந்தப் பொருள் உங்களுதுன்னு இந்தம்மா சொல்றாங்க."

"என்னுதுதான் சார்."

"இன்னா மெஷின் இது?"

"கிடார் ஆம்ப்ளிஃபையர்."

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"ஆம்ப்ளிஃபையர் நான் பாத்திருக்கேன் சார்," என்றார்.

அவர் முன்னால் திறந்திருந்த பதிவேட்டில் அமுதாவின் பெயர் ஏற்கெனவே சிவப்பில் எழுதப்பட்டிருந்தது. அந்தச் சிவப்புக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். அமுதா பதினொரு வருடமாக ஆறாவது லைனில் ஷூவின் மேல்தோலைத் தைக்கிறார். லைன் சூப்பர்வைசர் இடம் காலியாகி, முந்தின வாரம்தான் நேர்காணல் முடிந்திருந்தது. அமுதாவுக்குத்தான் என்று லைன் முழுக்கப் பேச்சு. ஒரே ஒரு நிபந்தனை: அந்த வருடத்தில் கேட் பதிவேட்டில் சிவப்பு வரி இருக்கக்கூடாது.

இருபத்தெட்டுக் கிலோ

அதிகாரியின் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. ஆம்ப்ளிஃபையர் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கும் ஒரு காலத்தில் அதே கருத்துதான்.

இந்தத் தொடரை இடையில் படிக்கத் தொடங்கியவர்களுக்காக எங்கள் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நாளிதழின் வேலூர் பதிப்பில் இருபது வருடத்துக்கு மேல் மற்றவர்கள் எழுதிய செய்திகளை வெட்டிச் சுருக்கியவன், ஞாயிற்றுக்கிழமைகளில் கிடார். ஃபெரோஸ், ஆம்பூரில் தோல் கெமிக்கல் கடை வைத்திருப்பவர், கீபோர்டு. மாதனூர் அமுதா, பாட்டு. ரிசப்ஷன், சர்ச் அறுப்பின் பண்டிகை, கம்பெனி விழா. நூறு, நூற்றைம்பது பேர் உட்காரும் இடங்கள். அதற்கு மேல் எங்களை யாரும் கூப்பிட்டதில்லை.

இந்த நூற்றைம்பது பேருக்காக நான் சுமந்த பழைய ஆம்ப்ளிஃபையரின் எடை இருபத்தெட்டுக் கிலோ. ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில். கறுப்பு ரெக்ஸின், மூலைகளில் இரும்புக் கவசம். வேலூர் லாங் பஜாரில் மூன்றாவது மாடியில் ஒரு ஹால் உண்டு. லிஃப்டும் உண்டு. பிரியாணி அண்டா, இந்தப் பக்கத்தில் தேக்சா, ஏறி இறங்குவதற்கு மட்டும். மூன்று மாடி நான் படியேறுவேன். தேக்சா என்னைக் கடந்து மேலே போகும் வாசனை ஒவ்வொரு மாடியிலும் வரும்.

இடுப்பு பிடித்துக்கொண்டபோது எலும்பு டாக்டரிடம் போனேன்.

"இன்னா வேலை பண்றீங்க?"

"கிடார் வாசிப்பேன்."

"கிடார் அவ்ளோ வெயிட்டா?"

விளக்கினேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே, ஒன்று கிடாரை விடுங்கள், இல்லை ஆள் வையுங்கள் என்றார். நான் மூன்றாவதைச் செய்தேன்.

கூரியரில் வந்த பெட்டியை ஃபெரோஸ் கடையில் வைத்துப் பிரித்தோம். ஸ்பீக்கர் இல்லாமல், ஆம்ப்ளிஃபையர் மட்டும் தனியாக இருக்கும் சாதனம். வாசிப்பவர்கள் 'ஹெட்' என்பார்கள். இதோடு ஒரு சின்ன ஸ்பீக்கர் பாக்ஸைச் சேர்த்தால் போதும். சாம்பல் நிற உலோகம், முன்னால் ஐந்து குமிழ், ஒரு சுவிட்ச், பின்னால் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு விசிறி. எடை ஒன்றரைக் கிலோ.

ஃபெரோஸ் அதை ஒற்றைக் கையில் தூக்கி ஆட்டிப் பார்த்தார். "அண்ணா, இது சார்ஜர். மெஷின் தனியா வரும் போல."

வரவில்லை. இதுதான் மெஷின். சின்ன ஹாலில் பழையதைவிடத் தெளிவாகவே கேட்டது. பழையதில் வால்யூமை இரண்டுக்கு மேல் திருப்ப எந்தக் கல்யாண வீட்டிலும் விட்டதில்லை. ஸ்பீக்கர் பாக்ஸையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இருபது கிலோவை நான் இத்தனை வருடமும் சும்மாதான் தூக்கியிருக்கிறேன்.

மெஷின் எப்ப வரும்?

எடையைக் குறைப்பது இந்தப் பக்கத்தின் தொழில். ஷூவைத் தராசில் வைத்து கிராம் கணக்கில் பார்ப்பார்கள். பத்து கிராம் கம்மியானால், ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் முகம் மலரும். அந்த முகத்தைப் பார்த்து ஆம்பூர் முழுக்க மலரும். ஆனால் சத்தம் என்று வந்துவிட்டால் இதே ஊருக்குப் பெரிய பெட்டி வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சத்தத்தை யாரும் நம்புவதில்லை.

குடியாத்தத்தில் ஒரு ரிசப்ஷன். பெண்ணின் மாமா விசைத்தறியில் லுங்கி நெய்யும் முதலாளி. மேடைக்கு வந்து சுற்றிலும் பார்த்தார்.

"இன்னும் மெஷின் வரலியா?"

"வந்தாச்சுங்க."

"எங்க கீது?"

காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். தன் தறிகளையும் அதையும் மனதுக்குள் ஒப்பிட்டிருக்க வேண்டும். பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். இரண்டு மணி நேரம் வாசித்தோம். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் வந்து, "நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த வாட்டி மெஷினோட வாங்க," என்றார்.

ஆற்காட்டில் ஒரு வீட்டில் அதன் மேல் பாதாம் பால் தட்டை வைத்தார்கள். சர்ச்சில் ஒரு அம்மாள் அதைக் காணிக்கைப் பெட்டி என்று நினைத்து, நோட்டைப் போட ஓட்டையைத் தேடினார். ஏழெட்டு நிகழ்ச்சி இப்படிப் போனபிறகு விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன். கிடார் பையின் முன் ஜிப்பைத் திறந்து உள்ளேயே வைத்துக்கொள்வேன். ஒயர் மட்டும் வெளியே வரும். யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

அந்தப் பழக்கம்தான் கம்பெனி கேட்டில் வேலையைக் காட்டியது.

அவ்ளோதான்

தோல் கம்பெனி கேட்டுகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உள்ளே போவது சுலபம். ஆனால் எந்தப் பொருளைக் கொண்டுபோனாலும் கேட் பாஸில் 'திரும்ப எடுத்துச் செல்வது' என்ற கட்டத்தில் எழுத வேண்டும். எழுதாத பொருள் வெளியே வராது. அது உங்களுடையதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

மதியம் ஒரு மணிக்கு ஃபெரோஸின் வேன், வண்டிகளுக்கான கேட்டில் நின்றது. காவலாளி எழுதினார்: கிடார் ஒன்று, ஸ்பீக்கர் பாக்ஸ் ஒன்று, கீபோர்டு ஒன்று, ஸ்டாண்டு இரண்டு, ஒயர் பை ஒன்று.

"வேற இன்னா கீது சார்?"

எனக்கு ஜிப்புக்குள் இருப்பது ஞாபகம் இருந்தது. அது என்ன என்று சொல்ல வேண்டும், அவர் நம்பமாட்டார், எடுத்துக் காட்ட வேண்டும். பின்னால் விழாவுக்கு வந்த பையரின் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"அவ்ளோதான்," என்றேன். காவலாளி நீட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டேன்.

விழா நன்றாக நடந்தது. பெண்களின் உழைப்பைப் பற்றி ஐந்து ஆண்கள் பேசினார்கள். அமுதா மூன்று பாட்டுப் பாடினார். மூன்றாவதற்கு மட்டும் பையர் தாளம் போட்டார். எல்லாப் பெண்களுக்கும் ஆளுக்கொரு ஹாட்பேக் கொடுத்தார்கள். அத்தனை ஹாட்பேக்கும் வெளியே போக முன்கூட்டியே ஒரே கேட் பாஸ் எழுதியிருந்தார்கள். அந்தக் கம்பெனியில் எதையும் யோசிக்காமல் செய்வதில்லை.

யோசிக்காமல் செய்தவன் நான். சாமான்களைக் கட்டும்போது கிடார் பையின் முன் ஜிப் பல்லைக் கக்கிவிட்டது. பெட்டி கீழே விழப் பார்த்தது. அமுதா கை கொடுத்துத் தாங்கினார்.

"குடுங்கண்ணா, என் பையில டிபன் பாக்ஸ் காலியாத்தான் கீது. கேட்டுக்கு வெளிய வந்து தர்றேன்."

நாங்கள் வண்டி கேட்டில் போக வேண்டும். அவர் தொழிலாளர் கேட்டில், மாதனூர் பஸ் பிடிக்க. இரண்டுக்கும் நூறு அடி தூரம் இருக்கும். நானே அவர் பையில் வைத்தேன்.

தொழிலாளர் கேட்டில் தினமும் ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பார்கள் என்பதை நான் ஒருமுறை செய்தியாகவே எடிட் செய்திருக்கிறேன்.

காதில் ஹெட்போன்

மற்ற ஊரில் அந்தப் பெட்டியை சார்ஜர் என்றோ பேட்டரி என்றோ நினைத்திருப்பார்கள். ஷூ கம்பெனியில் அப்படி நினைக்க வாய்ப்பில்லை. தையல் மெஷினின் மேசைக்கு அடியில், மோட்டாரை ஓட்டுவதற்கு ஒரு கன்ட்ரோல் பாக்ஸ் இருக்கும். சாம்பல் நிற உலோகம், முன்னால் குமிழ், ஒரு சுவிட்ச். பையைச் சோதித்த பெண் காவலாளி தினமும் பார்க்கிற பொருள். தையல் லைனில் வேலை செய்பவர் பையில் அது இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"பதினோரு வருஷத்துல ஒரு நூல்கண்டு எடுத்தது இல்ல சார்," என்றார் அமுதா. குரலில் கோபம்தான் இருந்தது. "மோட்டார் பாக்ஸ எடுத்துட்டுப் போய் வூட்ல நான் இன்னா பண்ணப் போறேன்? மாவாட்டறதா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. பையில இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சு."

"அத்தத்தான் எழுதியிருக்கேன்."

வேனிலிருந்து ஃபெரோஸ் வந்து சேர்ந்தார். நிலவரத்தைக் கேட்டார். "சார், இது தையல் மெஷின் பாக்ஸ்னா, மேடையில இவ்ளோ நேரம் நாங்க இன்னா, ஷூவா தச்சினு இருந்தோம்?"

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டார். அவர் வந்து, குமிழ்களுக்கு மேல் எழுதியிருந்ததைக் குனிந்து படித்து, "நம்ம பாக்ஸ்ல பேஸ், டிரெபிள் கிடையாது சார்," என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் போதவில்லை. வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். கிடாரும் ஹெட்போனும் ஒயரும் வேனிலிருந்து மறுபடி உள்ளே வர வேண்டும். காவலாளி மூன்றையும் எழுதினார். கையெழுத்துப் போட்டேன். இந்தமுறை எதையும் விடவில்லை.

அதிகாரி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஃபெரோஸ் ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டார். நான் வாசித்தேன். அறையில் கம்பிகளின் மெல்லிய டிங் டிங் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவர் அவர் மட்டும்தான். முதலில் புருவம் ஏறியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பூட்ஸின் நுனி தரையில் தட்ட ஆரம்பித்தது.

விசாரணைக்கு அரை நிமிடம் போதும். அவர் ஐந்து நிமிடம் கேட்டார்.

வெளியே மாதனூர் பஸ் இரண்டுமுறை ஹாரன் அடித்தது. ஜன்னலெல்லாம் முகங்கள். மடியில் ஹாட்பேக்கோடு ஆறாவது லைன் முழுக்க இந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அமுதா அந்தப் பக்கம் திரும்பவில்லை. பஸ் போய்விட்டது.

அதிகாரி ஹெட்போனைக் கழற்றினார். "ஆம்ப்ளிஃபையர்தான்," என்றார். "சுத்தமா கேக்குது. ஆனா என்ட்ரி இல்லியே சார்."

இரண்டு வரி

சிவப்பு வரியை அடித்துவிடுங்கள் என்று கேட்டேன். பக்க எண் போட்ட பதிவேட்டில் அடிக்கக் கூடாது என்றார். கீழே விளக்கம் எழுதலாம், அதற்கு விதி இருக்கிறது.

"நீங்க பேப்பர்ல இருந்தவர்னு பாய் சொல்றாரு. நீங்களே எழுதிக் குடுங்க. ரெண்டு வரிதான் எடம் கீது."

இரண்டு வரி என்று கேட்டதும் எனக்குள் பழைய ஆள் விழித்துக்கொண்டார். எட்டுப் பத்திச் செய்தியை ஒரு பத்தியாக்கியவன் நான். பத்திரிகையில் தவறு முதல் பக்கத்தில் வரும், திருத்தம் ஆறாம் பக்கத்தின் அடியில் தீக்குச்சி அளவில் வரும். அந்தத் தீக்குச்சிகளை எழுதும் வேலை பல வருடம் என்னுடையதாகவே இருந்தது.

ஒரு துண்டுக் காகிதத்தில் முதலில் ஆறு வரி எழுதினேன். அதில் எல்லாம் இருந்தது. பெட்டியை நான் கொண்டுவந்தது, கேட்டில் சொல்லாமல் விட்டது, ஜிப் போனது, நானே அமுதாவின் பையில் வைத்தது. பிறகு வெட்டினேன். ஜிப் முதலில் போனது. எழுதுகிறவன் செய்தியில் வரக்கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக்கொடுத்தது, அதனால் அந்த வரிகளிலிருந்து நானும் போனேன். மிஞ்சியது இது:

'விசாரணையில், மேற்படி பொருள் கம்பெனிக்குச் சொந்தமானதல்ல, வெளியாள் ஒருவருக்குச் சொந்தமான மின் இசைச் சாதனம் எனத் தெரிந்தது. பொருள் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது.'

அதிகாரி அதை நீல மையில் படியெடுத்தார். சரியாக இரண்டு வரி. எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"இது போதும் சார். பொருள் போலாம்," என்றார்.

பொருள் போனது. அமுதாவையும் வேனில் ஏற்றிக்கொண்டு மாதனூரில் இறக்கிவிட்டோம். வழியில் ஃபெரோஸ், "திருட்டு இல்லன்னு எழுதியாச்சு, அப்புறம் இன்னா பேஜாரு?" என்றார். அமுதா டிபன் பாக்ஸின் மூடியைச் சரியாக மூடிக்கொண்டிருந்தார்.

"எழுதினது நல்லா இருந்துச்சாண்ணா?" என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன்.

தெளிவான தமிழ்

புதன்கிழமை அமுதா போன் செய்தார்.

"எச்.ஆர்.ல கூப்ட்டாங்கண்ணா. திருடலன்னு ஒத்துக்கினாங்க."

"நல்லதுதானேம்மா."

"வெளியாளோட கரண்ட் சாமான எதுக்கு உள்ள எடுத்துட்டு வந்தேன்னு கேக்கறாங்க."

பையரின் புது டிசைன்கள் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகத் தொழிலாளிகள் போன்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாது. வெளியாளின் மின்சாதனம் என்றால் அதைவிடப் பெரிய குற்றம். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆறு வரியையும் எழுதியிருப்பேனா என்று இப்போது சொல்வது சுலபம்.

மறுநாள் எச்.ஆர். மேடத்தைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தார். பதிவேட்டின் நகல் மேசையில் இருந்தது.

"கொண்டுவந்தது நான் மேடம். அந்தம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான்தான் பையில வச்சேன்."

"ஆனா இதுல அப்படி இல்லையே சார். நீங்க எழுதினதுதானே இது?"

"நான்தான்."

"ரொம்பத் தெளிவா இருக்கு சார், உங்க தமிழ்."

இன்னொரு காகிதத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். விழா அன்று மதியம் வண்டி கேட்டில் போட்ட கேட் பாஸ். கிடார், ஸ்பீக்கர் பாக்ஸ், கீபோர்டு, ஸ்டாண்டு, ஒயர் பை. கீழே அச்சிட்ட வரி: 'மேற்கண்டவை தவிர வேறு பொருள் எதுவும் என்னிடம் இல்லை.' அதன் கீழே என் கையெழுத்து. நான் கொண்டுவரவில்லை என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். அப்படியானால் கொண்டுவந்தது யார்?

"நான் தப்பா கையெழுத்துப் போட்டுட்டேன் மேடம்."

"புரியுது சார். எனக்குப் புரியுது. ஆனா ஆடிட் வர்றவங்க பேப்பரைத்தான் பாப்பாங்க."

நடந்ததை முழுக்க எழுதி ஒரு கடிதம் கொடுத்தேன். இந்தமுறை ஒரு பக்கம் முழுக்க. வெட்டவில்லை. படித்துவிட்டு, ஃபைலில் வைத்துக்கொள்கிறேன் என்றார். வைத்தார். நான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு காட்பாடியில் ஒரு பிறந்தநாள் விழா. அமுதா வருவாரா என்று தெரியாமல்தான் போனேன். எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நான் ஆம்ப்ளிஃபையரை வெளியே எடுத்து, எல்லார் கண்ணிலும் படும்படி ஸ்டூல் மேல் வைத்தேன்.

"அங்கியே இருக்கட்டும்ணா," என்றார். "என் பை இன்னிக்கு ஃபுல்லு."

ஃபெரோஸ் சிரித்தார். அமுதாவும் சிரித்தார். நான் ஒயரை மாட்டினேன். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"வுடுங்கண்ணா. சுதி குடுங்க," என்றார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஆறாவது லைனுக்குப் புது சூப்பர்வைசர் போட்டார்கள். பெயர் ஸ்டெல்லா. அமுதாவுக்கு நாலு வருடம் கழித்து வேலைக்குச் சேர்ந்தவர்.